அட்டையிலிருந்து உதிர்த்த மாத்திரைகள்

யார் வீட்டுக்குப் போனாலும் அக்கா பேசிக்கொண்டே அங்கிருக்கும் டப்பாக்களின் மூடியை இறுக்கிவிடுவாள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். கேட்டால், "கை தானாப் போகுதுடி" என்பாள்.

மாத்திரைத் தொழிற்சாலையில் அவளுக்கு உருக்கும் இயந்திரத்தில் வேலை. அங்கே ஒரு மருந்து லேசில் தண்ணீரில் கரையாது. வெறுமனே விழுங்கினால் வயிற்றில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடும். அதனால் பாலிமர் பொடியோடு சேர்த்து உருக்கி, சட்டென்று ஆறவைப்பார்கள். கண்ணாடித் தகடுபோல வருவதைப் பொடித்து மாத்திரையாக அழுத்துவார்கள். மருந்தின் படிகம் குலைந்துபோனதால் இப்போது கரையும். ஈரம் பட்டால் மறுபடி படிகமாகிக் கரைய மறுக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். மழைக்காலத்தில் பிசுபிசுத்துப் பூத்துப்போன மிட்டாயைக் காட்டித்தான் எனக்கு விளங்கவைத்தாள்.

நான் இருப்பது அக்கா வீட்டில்தான். அவள் கணவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவருக்கு நுரையீரலில் பூஞ்சை பிடித்தது. டாக்டர் எழுதியதும் அதே மாத்திரைதான். ஆனால் இரத்தத்தைச் சோதித்தால் மருந்து இருந்த சுவடே இல்லை. இப்படியே போனால் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கவேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "உண்மையைச் சொல்லுங்க. முழுங்குறீங்களா, துப்புறீங்களா?"

"தினமும் உன் கண்ணு முன்னாடிதானேடி முழுங்குறேன்! வாயைத் திறந்து காட்டவா?"

அது உண்மைதான். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து எடுத்துவந்து, அவள் பார்க்க விழுங்குவார். அது எங்கிருந்து வருகிறது என்று மறுநாள் காலையில்தான் கவனித்தேன். எனக்கு அவர்கள் நடுவே பேசிப் பழக்கமில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

"அக்கா, மாமா மாத்திரையை அட்டையிலேருந்து எடுக்கலை. கிண்ணத்துலேருந்து எடுக்குறார்."

சமையலறையில், தண்ணீர் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், திருகாணி போட்டுவைக்கும் தகரக் கிண்ணம் ஒன்று திறந்து கிடந்தது. மாமாவின் சாமான் என்று அக்கா அதைத் தொடுவதில்லை. எதை வாங்கினாலும் உறையைக் கிழித்துக் கிண்ணத்தில் கொட்டினால்தான் மாமாவுக்கு நிம்மதி. மாத்திரையையும் வாங்கிய அன்றே மொத்தமாக உதிர்த்துவிட்டிருந்தார்.

"ஆவி அடிக்கிற இடத்துலயா வைப்பீங்க?"

"டீ குடிக்கும்போது ஞாபகம் வரும்னுதான். மாத்திரை கெட்டுப்போக அது என்ன பாலா?"

"கல்யாணமான நாள்லேருந்து இந்த மாத்திரையைத்தானே செய்றேன்! என்ன வேலைன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

"மாத்திரை கம்பெனின்னு தெரியுமே."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, புது அட்டைகள் வாங்கப் போனாள். வாசல்வரை திட்டிக்கொண்டேதான் போனாள்.

இப்போது இரத்தத்தில் மருந்து போதிய அளவு நிற்கிறது. அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருமல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. மாமா தினம் ஒன்றாகப் பிரித்துச் சாப்பிடுகிறார். அட்டை நகத்தைக் கிழிக்கிறது என்று அக்காவிடமே குறைசொல்கிறார்.