கொக்கியில் தொங்கிய கயிறு

பெரியம்மாளைத் தூக்குவதற்கு எப்போதும் இரண்டு பேர் வந்தார்கள். வலப்பக்கம் புருஷன் ராஜப்பன், இடப்பக்கம் அடுத்த காட்டு நஞ்சப்பன். அக்குளுக்குள் கையை விட்டு, நெல் மூட்டையை லாரியில் ஏற்றுவது போல ஒரே இழுப்பில் கட்டிலிலிருந்து எழுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் அவளுடைய இடது தோளுக்குள் மிளகாயை அரைத்துத் தேய்த்த மாதிரி எரியும்.

"கையப் புடுங்கிக்கினு போயி காட்டுல நட்டு வைங்கடா. மொளைக்குதான்னு பாப்பம்" என்பாள்.

நஞ்சப்பன் சிரிப்பான். "அக்காவுக்குக் கை காலுலதான் வாதம். வாய்ல வரல பாரு."

"வந்திருந்தா உனக்கு நிம்மதி."

இண்டூருக்கு மேற்கே, ஊரை விட்டுத் தள்ளி, பயிர் வைக்கும் காட்டுக்குள் இருந்தது அவர்கள் வீடு. பெரியம்மாள் பென்னாகரத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதிலேயே கோபக்காரி என்று பேர் வாங்கிவிட்டாள். பால் தண்ணியாக இருக்கிறது என்று சொசைட்டிக்காரன் ஒருநாள் வாய் தவறிச் சொன்னான். அவள் வீட்டுக்குப் போய் மாட்டை அவிழ்த்து ஓட்டி வந்து சொசைட்டி வாசலிலேயே கட்டினாள். "நீயே கறந்து பாத்துக்க" என்றாள். அன்றிலிருந்து அவள் பால் கேனை யாரும் சந்தேகமாகப் பார்த்ததில்லை. வரப்பில் நடந்தால்கூடப் பனைமரம் நடந்து போகிற மாதிரி இருக்கும், முதுகு வளையாது என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தப் பனைமரம் போன மாசியில் மாட்டுக்கொட்டாயில் சாய்ந்தது. காலையில் பால் கறந்துகொண்டிருந்தாள். முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கியிருந்த சொம்பு முதலில் நழுவியது. பிறகு இடது கை மாட்டின் மடியிலிருந்து தானாக இறங்கியது. எடுத்து வைத்தாள், மறுபடி இறங்கியது. அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணில் கிடந்தபடி பார்த்த மாட்டின் வயிறுதான்.

இப்போது நினைத்தாலும் அவளுக்கு ரத்தம் கொதிப்பது அதற்கு அடுத்து நடந்ததை நினைத்துத்தான். தருமபுரி பெரியாஸ்பத்திரி அரைமணி நேரத் தூரத்தில் இருக்க, ஆட்டோவில் ஏற்றி எங்கோ மலையடிவாரத்தில் வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஒரு புறாவை அறுத்து, சூடு ஆறுவதற்குள் அந்த ரத்தத்தைக் கைகாலில் தேய்த்தார். சூடு நரம்பை எழுப்புமாம். சேதி தெரிந்து மகன் பிரபாகர் ஓசூரிலிருந்து ஓடி வந்து, எல்லாரிடமும் கத்திவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் மறுநாள் ஆகியிருந்தது. மருந்து பலிக்கிற நேரமெல்லாம் கையை விட்டுப் போயிருந்தது.

நினைவு திரும்பியதும் அவள் புருஷனிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அந்தப் புறாவாலயே எழுந்து பறக்க முடியல. அது என்னை எழுப்புமா?"

ராஜப்பன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்துவிடலாம். இவன் குளிப்பாட்டினான், தலை வாரினான், களியைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி ஊட்டினான். போதாததற்கு, பிரபாகருக்குத் தொட்டில் கட்டிய கூரைக் கொக்கியில் மாட்டுக் கயிறு ஒன்றைக் கட்டி, கட்டிலுக்கு நேராகத் தொங்கவிட்டான். கை வழுக்காமலிருக்க நுனியில் முடிச்சும் போட்டான்.

நோவு பார்க்க ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றை அண்ணாந்து பார்த்தார்கள். "இப்பிடி ஒரு புருசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்கள். பெரியம்மாள் வலக்கையால் கயிற்றைப் பிடித்து இழுப்பாள். உடம்பு வலப்பக்கமாகச் சாய்ந்து, முதுகு பின்னால் வளைந்து, கொஞ்சம் எழும்பும். இடது கால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போலக் கிடக்கும். அடுத்த நொடி பொத்தென்று கட்டிலில் விழுவாள். அப்புறம் அந்த இரண்டு பேர், அந்த அக்குள், அந்தத் தோள்.

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற அரசு வண்டியில் தேவிப்பிரியா என்ற பிசியோதெரபிப் பெண் வந்தாள். கல்லூரி முடித்துச் சில வருடம்தான் ஆகியிருக்கும். உள்ளே வந்ததும் கயிற்றைத்தான் பார்த்தாள்.

"அப்பா, இத மொதல்ல கழட்டிடுங்க. தோளுக்கடியில கை குடுத்துத் தூக்கறதயும் வுட்டுடுங்க. அந்த மூட்டு ஏற்கெனவே எறங்கியிருக்குது."

கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னாள். தாழ்வான இடத்திலிருந்து எழுவதுதான் கஷ்டம், உயரம் இருந்தால் காலுக்குப் பாரம் குறையும் என்றாள். பிறகு பெரியம்மாளின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"கயித்தப் புடிச்சா உடம்பு பின்னால போவுதுங்கம்மா. எழுந்திருக்கறதுன்னா முன்னால போவணும். கட்டில் ஓரத்துக்கு வாங்க. பாதத்த முட்டிக்குப் பின்னால இழுத்து வைங்க. இப்ப குனிங்க, மூக்கு கால் விரலுக்கு நேரா வர வரைக்கும். பாரம் பாதத்துக்கு வந்துட்டா இடுப்பு தானா எழும்பும்."

பெரியம்மாள் கொஞ்சம் குனிந்தாள். சிமெண்டுத் தரை முகத்தை நோக்கி ஏறி வருவது போலிருந்தது. வெடுக்கென்று நிமிர்ந்துவிட்டாள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்வாளா? திட்டினாள்.

"நான் எவன் முன்னாடியும் குனிஞ்சவ இல்ல, பாப்பா. தரைக்குக் கும்புடு போட்டாத்தான் கால் வருமா? போ, போயி வேற யாருக்காவது சொல்லிக் குடு."

வண்டி போனதும் ராஜப்பன் கழற்றிய கயிற்றை மறுபடியும் மாட்டினான். அவளும் தடுக்கவில்லை.

ஆனியில் பிரபாகர் வந்தான். உட்காராமலே பேசினான்.

"ஓசூர்ல இந்த மாதிரி ஆளுங்களப் பாத்துக்கற எடம் இருக்குதும்மா. நர்ஸு இருக்காங்க. அங்க சேத்துடறேன். அப்பா எங்கூட இருக்கட்டும். மாட்டக் குடுத்துடலாம்."

"இந்த மாதிரி ஆளுங்கன்னா எந்த மாதிரி ஆளுங்கடா?"

"ம்மா, தெனம் ரெண்டு ஆம்பளைங்க தூக்க வேண்டியிருக்குது. நஞ்சப்பண்ணன் எத்தினி நாளிக்கு வருவாரு?"

"நான் செத்தா எடுத்துக்கினு போ. உசுரோட இந்த வாசப்படியத் தாண்ட மாட்டேன்."

"அப்ப எழுந்து நில்லு. கயிறு புடிக்காம, யாரும் தொடாம, நீயா எழுந்து நில்லு. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்." அண்ணாந்து கயிற்றைப் பார்த்தான். "முடியாதில்ல? ஆடியில யாரும் எடம் மாத்த மாட்டாங்க. ஆவணி மொத ஞாயித்துக்கெழம கார் கொண்டாரேன்."

ஆடி பிறந்தது. கயிறு தொங்கியது. அவள் இழுத்தாள், விழுந்தாள், வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் திட்டினாள்.

ஆடிப்பெருக்குக்கு முன்னால் செவலை மாடு கன்று போட்டது. போட்டதும் சோர்ந்து படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு, எழுந்துவிடும், எழுப்பப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிலிலிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாகக் கொட்டாய் நேராகத் தெரியும். நஞ்சப்பன் மாட்டின் வாலை முறுக்கி இழுத்துக்கொண்டிருந்தான். மாடு முக்கியது, பின்னங்கால் உதறியது, திரும்பவும் சரிந்தது. தன்னைத் தூக்கும்போது அவன் முகத்தில் தெரிகிற அதே முனைப்பைப் பார்த்ததும் பெரியம்மாளுக்குத் தோள் எரிந்தது.

அப்போது புல்லுக்கட்டோடு வந்த ராஜப்பன் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்.

"டேய் கூறுகெட்டவனே! வால இழுத்தா மாடு எழுந்திருக்குமா? கவுறு முளைக்குச்சியோட ஒட்டக் கட்டிக் கெடக்குது பாரு. அது தலைய எங்க வீசும்? தல முன்னால போனாத்தான்டா பின்னாடி தூக்கும். எட்டப் போ, தொடாத!"

குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான். மாடு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. கழுத்தை நீட்டித் தலையை முன்னால் ஒரு வீச்சு வீசியது. பின்பாகம் மேலே எழும்பியது. முன்னங்கால் ஒன்று, இன்னொன்று. நின்றுவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனாலும் நின்றது. ராஜப்பன் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

"யோவ், ராஜப்பா!"

கொட்டாயில் இரண்டு பேரும் உறைந்துபோனார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை.

"மாட்டுக்குக் கவுத்த அவுத்து வுடத் தெரியுது. பொண்டாட்டிக்குக் கவுத்தக் கட்டி வுட்டிருக்கிறியே! அந்தப் பொண்ணு தொண்ட கிழியச் சொன்னதும் இதானய்யா? உனக்கு இது தெரியாதா? இத்தன வருசமா எத்தன மாட்ட எழுப்பியிருக்கிற! எனக்குந்தான் தெரியாதா? என் கண்ணு முன்னாடி தெனம் எழுந்திருக்குதுங்களே!"

"வுழுந்துடுவியோன்னு பயந்துக்கினுதான்…"

"வுழறேன்! வுழுந்தா என் மூக்குத்தான் ஒடையும். உனக்கென்ன?"

ராஜப்பன் புல் அறுத்த அரிவாளோடு உள்ளே வந்து, கட்டிலின் மேல் ஏறிக் கயிற்றை அறுத்தான். அவள் அவனுக்காக இரக்கப்படவில்லை. அன்றைக்கு யார்மேலும் இரக்கப்படுகிற நிலையில் அவள் இல்லை.

அடுத்த முறை தேவிப்பிரியா வந்தபோது வெறும் கொக்கியையும் கட்டில் கால்களுக்கடியில் வைத்திருந்த செங்கல்லையும் பார்த்தாள். எதிரே ஒரு ஸ்டூலை வைத்து, இரண்டு கையையும் கோத்து அதன்மேல் முன்னால் தள்ளிக்கொண்டே குனியச் சொன்னாள். தரைக்குப் பதில் ஸ்டூல் தெரிந்ததில் பயம் கொஞ்சம் விலகியது.

"வலது கால ஒரு சாண் முன்னால வைங்கம்மா. நல்ல காலு இருக்குதே, எல்லா வேலையும் தானே இழுத்துப் போட்டுக்கும். அத முன்னால தள்ளிட்டா எடது காலு வேல செஞ்சுதான் ஆவணும்."

அதற்குப் பிறகு பெரியம்மாளின் திட்டெல்லாம் இடது காலுக்குப் போனது. களைக்கு வந்துவிட்டு நிழலில் உட்கார்ந்த கூலியாளைத் திட்டுவது போலத் திட்டினாள். "சோறு மட்டும் திங்கத் தெரியுதில்ல? மிதி. மிதிடி." ஒருநாள் ஸ்டூலைத் தாண்டிச் சரிந்து நெற்றி புடைத்தது. ராஜப்பன் ஓடி வந்தான். "தொடாத. மொதல்ல பாதம் எங்க இருந்துச்சுன்னு பாரு" என்றாள். பாதம் முன்னால் இருந்தது. பின்னால் இழுக்க மறந்திருந்தாள்.

ஆவணி முதல் ஞாயிறு. பிரபாகரின் கார் புளியமரத்துக்கடியில் நின்றது.

"துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சாப்பா?" என்றபடி உள்ளே வந்தான்.

"வாய மூடிக்கினு அங்க உக்காரு" என்றாள் பெரியம்மாள்.

ஸ்டூலைத் தள்ளி வைக்கச் சொன்னாள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தாள். வலக்கையால் இடது முழங்காலைப் பிடித்துப் பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்தாள். கைகளைக் கோத்துக்கொண்டாள். குனிந்தாள். தரை ஏறி வந்தது. வரட்டும் என்று அதை முறைத்தாள். இன்னும் குனிந்தாள். பாரம் குதிகாலிலிருந்து விரல்களுக்கு இறங்கியதும் இடுப்பு கட்டிலை விட்டது.

நின்றாள். இடது முட்டி படபடவென்று ஆடியது. பிரபாகர் பாய்ந்து கை நீட்டினான்.

"தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்."

கை அந்தரத்தில் நின்றது. முட்டி மெல்ல அடங்கியது. மகனின் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தும் அவள் முகம் இளகவில்லை.

"நின்னா மட்டும் ஆச்சாம்மா? நடக்கணுமே?"

"எழுந்து நில்லுன்ன. நின்னுட்டேன். நடக்கறதுக்கு இன்னொரு ஆடி பொறக்கட்டும். நீ கெளம்பு."

"ஒரு வாய் சாப்புட்டுப் போறேனே…"

"அடுத்த வாரம் வா. மருமவளக் கூட்டிக்கினு வா. களி கிண்டச் சொல்றேன். இப்ப கெளம்பு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரைக் கொக்கியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் போய்க் காரைக் கிளப்பினான்.

பெரியம்மாள் உட்காரவில்லை. தொடை நடுங்கியது, நெற்றி வியர்த்தது. கார் காட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய், தார் ரோட்டில் ஏறி, சத்தம் மறைகிற வரை நின்றாள். ராஜப்பனின் கை பழக்கத்தில் அவள் அக்குள் பக்கம் வந்து, சட்டென்று திரும்பித் தோளிலிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டது.

பிறகு அவள் மூக்கை முன்னால் நீட்டி, முதுகை வளைத்து, பொத்தென்று விழாமல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"செவலைக்குத் தண்ணி காட்டுனியா?" என்றாள். "என்னையே பாத்துக்கினு நின்னா ஆச்சா? போ."