சீட்டின் பின்பக்கம்

வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவங்களில் கடைசிக்கு முந்தைய கட்டம் ஒன்று இருக்கும்: ‘தங்கள் விருப்பங்கள்’. அந்தக் கட்டத்தைக் கண்டாலே புள்ளிக்கு எரிச்சல் வரும். பட்டம் வாங்கிய எட்டு மாதத்தில் நாற்பத்தொரு படிவம் நிரப்பியிருந்தாள். நாற்பத்தொன்றிலும் ‘வாசித்தல், இசை, பயணம்’ என்றே எழுதியிருந்தாள். மூன்றும் பச்சைப் பொய். புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான்காம் பக்கத்தில் கண் சொக்கிவிடும். பாட்டு ஓடினால் கூடவே பாடி மற்றவர்கள் நிம்மதியைக் கெடுப்பாள். பயணமோ, பேருந்து கிளம்பிய பத்தாவது நிமிடம் குமட்டத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் அப்பா பேருந்து ஓட்டுநர்.

புள்ளி என்பதும் அப்பா வைத்ததுதான். மகள் புள்ளியியல் படிக்கப்போகிறாள் என்று தெரிந்த அன்றே சுருக்கிக் கூப்பிட ஆரம்பித்தார். ஆளும் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

விருப்பம் என்று அவளுக்கு எதுவுமே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. மண்டை நிறைய இருந்தது. படிவத்தில் எழுதுகிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். இஸ்திரிப்பெட்டி வைத்ததும் ஈரத்துணி ‘ஸ்ஸ்’ என்று பெருமூச்சு விடுவது பிடிக்கும். இரண்டு பை வைத்த சட்டை பிடிக்காது. அப்படி எதைத்தான் சுமக்கிறார்கள் என்று கேட்பாள். சட்டைக் காலரில் கடைசியாக மிஞ்சும் சின்னச் சுருக்கத்தைப் பிடித்து இழுத்து நேராக்குவது ரொம்பப் பிடிக்கும். பொத்தான் அறுந்த சட்டையை நூல் மாற்றித் தைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலே மரியாதை வரும். இதையெல்லாம் எந்த நிறுவனத்துக்குச் சொல்வது?

இவ்வளவு துணி விவகாரம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், அம்மா நடத்தும் சலவைக் கடையிலிருந்து. வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்து ஒரு மரப்பலகை மேசை, அதன் பின்னால் சுவர் முழுக்க எண் போட்ட தட்டுகள், நடுவில் நீராவி இஸ்திரி மேசை, மூலையில் மடிப்பு அக்கா. மடிப்பு அக்கா என்பது பட்டப்பெயர்தான். ஆனால் அந்தப் பெண்மணி மடிக்காமல் விட்டு இந்த உலகத்தில் எதையும் யாரும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் கைக்குட்டையை வாங்கி மடித்துக் கொடுத்துவிடுவாள்.

கடையில் சீட்டுதான் சட்டம். துணி வந்ததும் ஒரு சின்னத் தாளில் எண்ணும் வீட்டு அடையாளமும் எழுதி, சட்டை என்றால் கீழ் ஓரத்திலும் கால்சட்டை என்றால் இடுப்பிலும் குண்டூசியால் குத்துவார்கள். தண்ணீரில் போடும்போது மட்டும் சீட்டைக் கழற்றித் தட்டில் வைப்பார்கள், மற்றபடி துணி இஸ்திரியாகி வீட்டுக்குப் போகும்வரை சீட்டும் கூடவே போகும். வாங்கியவர் வீட்டில் ஊசியைக் கழற்றித் தாளைக் கசக்கிப் போட்டுவிடுவார். சீட்டின் முன்பக்கம் கட்டம் அச்சடித்தது. பின்பக்கம் வெறுமை. வேலை தேடும் பட்டதாரிக்கு ஒரு வெற்றுப் பக்கம் கிடைத்தால் சும்மா இருப்பாளா?

மதிய வேளையில் கடை ஓய்ந்ததும் புள்ளி ஒரு சீட்டை எடுத்துப் பின்பக்கத்தில் மனதில் பட்டதை எழுதுவாள். இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. ‘முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்து விடுகிறவர்களை நம்பலாம்.’ ‘மழை வந்தால் ஜன்னலை மூடத்தான் வேண்டும், ஆனால் அரை நிமிடம் கழித்து மூடலாம்.’ ‘ஆறிப்போன தேநீரைத் திட்டாதே, தாமதமாக வந்தது நீ.’ எழுதியதும் மேசைக்கு அடியில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவாள். எழுதுவதோடு சரி. மறுபடி எடுத்துப் படித்ததும் இல்லை.

“தாள வீணாக்காதடி” என்று அம்மா ஆரம்பத்தில் இரண்டு முறை சொன்னாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். அதைப் புள்ளி கவனித்திருக்க வேண்டும். அம்மா ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தங்கும் விடுதியின் மேலாளர் நேரில் வந்து நின்றார். கடைக்கு வரும் வேலையில் பாதி அந்த விடுதியுடையது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஊழியர் சீருடை எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். நீராவி மேசை வாங்கியதே அதை நம்பித்தான், மடிப்பு அக்காவை வேலைக்கு வைத்ததும் அதை நம்பித்தான். மூட்டையோடு எப்போதும் வண்டிக்காரர்தான் வருவார். மேலாளர் வந்ததில்லை. வந்தவர் மேசைமேல் ஒரு சீட்டை வைத்தார், பின்பக்கம் மேலே தெரியும்படி.

புள்ளிக்குத் தன் கையெழுத்து தெரிந்தது.

‘பழுப்புச் சீருடை. தூங்கி எழுந்து முகம் கழுவாத நிறம். இதைத் தேர்ந்தெடுத்தவர் அன்று காலை வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பார்.’

“எங்க ஊழியர் ஒருத்தர் சட்டையில இருந்துச்சு. ரெண்டு நாளா விடுதி முழுக்க இதப் படிச்சுச் சிரிக்குறாங்க” என்றார் மேலாளர். “அந்தச் சீருடையத் தேர்ந்தெடுத்தது நான்.”

அம்மா சீட்டைப் பார்த்தாள். புள்ளியைப் பார்த்தாள். “தப்பு நடந்துபோச்சு சார்” என்று மட்டும் சொன்னாள்.

“அடுத்த வாரத்துலருந்து மூட்டை வேற இடத்துக்குப் போகும்” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். மடிப்பு அக்கா தன் கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

புள்ளி குனிந்து டப்பாவை இழுத்துத் திறந்தாள். நிரம்பி வழிந்திருக்க வேண்டிய டப்பாவின் அடியில் நாலைந்து சீட்டுதான் கிடந்தது.

“அம்மா, மிச்சமெல்லாம் எங்க?”

“சீட்டு தீந்துபோச்சு. அச்சகத்துக்காரர் இன்னைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிச்சாரு. டப்பாவுல கெடந்ததுல முன்பக்கம் சுத்தமாத்தானே இருந்துச்சு? எடுத்துக் குத்தினேன்.”

“பின்பக்கத்தத் திருப்பிப் பாக்கலயா?”

“எனக்கு எங்கடி நேரம்?” என்றாள் அம்மா, இஸ்திரிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

படித்த படிப்பு அப்போதுதான் முதல்முறையாகப் பயன்பட்டது. நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு, ஆறு மாதம். குறைந்தது இருநூறு சீட்டு ஊருக்குள் போயிருக்கிறது. புள்ளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துபவர் கொஞ்ச நாளாகத் தன்னைப் பார்த்தால் முழங்கைவரை கையை மடித்துக் காட்டிச் சிரிப்பது ஏன் என்று இப்போது புரிந்தது. ‘இஸ்திரி போட்ட சூட்டோடு சட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன், யார் சட்டையானாலும் சரி’ என்று ஒன்று எழுதியது நினைவுக்கு வந்தது. அது யார் சட்டையில் போனதோ! அதை நினைக்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது என்று விட்டுவிட்டாள்.

மதியம் சாப்பிட வந்த அப்பா விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “எம்பொண்ணு எழுதினது ஊரெல்லாம் ஓடுது. எம்பஸ்ஸுகூட அவ்வளவு தெருவுக்குப் போறதில்ல” என்று மெதுவாகச் சொன்னார்.

புள்ளி சாப்பிடவில்லை. வேலை கிடைக்காதது அவள் தலைவலி. மடிப்பு அக்காவின் வேலையும் போவது வேறு கதை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். “போய் என்னத்தடி சொல்லப்போற?” என்று அம்மா பின்னாலேயே வந்து கேட்டாள். அது அவளுக்கே தெரியவில்லை.

விடுதி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் பழுப்புச் சட்டை போட்டிருந்தாள். “சலவைக் கடையிலருந்து வர்றேன்” என்று புள்ளி சொன்னதும் அவள் கண் விரிந்தது. “நீங்கதானா அது?” என்று கேட்டுவிட்டு, அனுமதி கேட்கக்கூட விடாமல் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

துணி அடுக்கும் அறை அது. அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் வரிசையாகச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. எல்லாம் பின்பக்கம். ஜன்னல், தேநீர், இரண்டு பை வைத்த சட்டை. பதினேழு இருந்தது, புள்ளி எண்ணிவிட்டாள். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா வயதுப் பெண்மணி ஒருத்தி, “இத எழுதினது நீயாம்மா? நான் யாரோ வயசானவங்கன்னுல்ல நெனச்சேன்” என்றாள். புள்ளிக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. சந்தோஷப்பட்டாள். ஒரு நிமிடம்தான். கதவருகே மேலாளர் நின்றிருந்தார்.

கையோடு எடுத்து வந்திருந்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை. “மன்னிச்சிருங்க சார்” என்றாள். “யாருன்னே தெரியாத ஒருத்தரப் பத்தி, அவர் வீட்டப் பத்தி எழுதினது தப்பு. அம்மாவுக்கு இதுல சம்பந்தம் இல்ல. மூட்டைய நிறுத்தாதீங்க. எங்க கடையில மடிக்குற அக்காவுக்கு வேற வேலை இல்ல.”

மேலாளர் அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டுகள் அங்கே ஒட்டியிருப்பது அவருக்கும் இன்றைக்குத்தான் தெரியும் போலிருந்தது. பிறகு கேட்டார்: “சரி. இப்ப சொல்லு. அந்த நிறம் நிஜமாவே அவ்வளவு மோசமா?”

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்கள்? ‘ரொம்ப அழகான நிறம் சார், ஏதோ கிறுக்கிட்டேன்’ என்பார்கள். வாசித்தல், இசை, பயணம். நாற்பத்தொரு முறை பழகிய வாய்தான் அது. புள்ளி வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வெளியே வரவில்லை. வரவேற்புப் பெண் பக்கத்திலேயே அந்த நிறத்தில்தானே நிற்கிறாள்!

“உங்களப் பத்தி எழுதினதுக்கு எத்தன தடவ வேணும்னாலும் மன்னிப்புக் கேக்குறேன் சார். ஆனா பழுப்பு எனக்குப் பிடிக்கல. கேட்டதால சொல்றேன்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

மேலாளர் திரும்பி மற்ற இருவரையும் பார்த்தார். “உங்களுக்கு?”

வரவேற்புப் பெண் தரையைப் பார்த்தாள். பெரியம்மாதான் சொன்னாள்: “எனக்கும் புடிக்காதுங்க. போட்டா சீக்காளி மாதிரி இருக்கு.”

“ஒம்பது வருஷமா ஒருத்தரும் சொல்லலயே!”

“ஒம்பது வருஷமா நீங்க கேக்கலயே சார்.”

அவர் முகத்தில் கோபம் வருமா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது. “அந்தத் துணி எடுத்த அன்னைக்குக் காலையில வீட்டுல நெஜமாவே திட்டு வாங்கினேன்” என்றார். “அத எப்படிக் கண்டுபிடிச்ச? அதுலதான் எனக்குக் கோவமே.” பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூட்டை வழக்கம்போல வரும் என்று சொன்னார். நிறத்தைப் பற்றி யோசிக்கிறேன் என்றும் சொன்னார். போகிறபோது கண்ணாடியைச் சரிசெய்து கதவிலிருந்த சீட்டு ஒன்றைப் படித்து, தன் சட்டையின் இரண்டு பைகளையும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

புள்ளி வீட்டுக்கு ஓடி வந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். மேசையில் கைவைத்து மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னதும், மடிப்பு அக்கா மடித்து வைத்திருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் மடிப்பைக் கலைத்து அன்றுதான் பார்த்தார்கள்.

அக்கா வீட்டுக்குப் போனபிறகு புள்ளி டப்பாவை மேசைமேல் எடுத்து வைத்தாள். ஒரு விஷயம் கணக்கில் இடித்துக்கொண்டே இருந்தது.

“அம்மா, அங்க பதினேழு சீட்டு ஒட்டியிருக்காங்க. எல்லாமே நல்ல சீட்டு. நான் எவ்வளவோ குப்பையும் எழுதியிருக்கேன். முடிவெட்டுறவருக்குப் போனது கை மடிக்கிறதப் பத்தி, அவர் எப்பவும் மடிச்சு விட்டுருப்பாரு. கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குத்தினா இப்படி அமையாதும்மா. நான் படிச்சது அதத்தான்.”

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இதற்குமேல் மறைக்க முடியாது என்று தெரிந்த முகம்.

“படிச்சுப் பாத்துதான் குத்துவேன்” என்றாள். “யாருக்கு எது சரியா இருக்கும்னு பாத்து. குப்பையக் கழிச்சுருவேன். அந்தப் பழுப்பு மட்டும் தவறிப்போச்சு. அன்னைக்குக் கண்ணாடி போடல.”

“அப்ப சீட்டு தீந்துபோச்சுன்னது?”

அம்மா மேசைக்கு அடியில் மூடிக் கிடந்த சாக்கைக் காலால் தள்ளிக் காட்டினாள். அச்சகத்துக் கட்டுகள் இரண்டு பிரிக்காமலே இருந்தன.

“ஏம்மா இப்படிப் பண்ணின?”

அம்மா அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள், காலரை இழுத்து நேராக்கினாள்.

“எட்டு மாசமா துணி கொண்டு வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க, படிப்பு முடிஞ்சுதே, ஒம்பொண்ணு என்ன பண்றான்னு. என்னன்னு சொல்றது? நீ எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குச் சொல்லத் தெரியலடி. அதான் குத்தி அனுப்பினேன்.”

புள்ளிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

“அழுகாத, சட்டை நனையும்” என்றாள் அம்மா. “மூணாம் வீட்டு டீச்சர் அடுத்த சீட்டு எங்கன்னு ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. டப்பாவுல உருப்படியா ஒண்ணும் இல்ல. உக்காந்து எழுது.”

நாற்பத்திரண்டாவது படிவம் மேசை ஓரத்தில் பாதி நிரப்பியபடி கிடந்தது. புள்ளி அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு சீட்டை எடுத்துத் திருப்பினாள்.