கழுவக் கொஞ்சம் புழுதி

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே என் சமையல்கட்டை ஓட்ட ஆரம்பித்தார். கத்தரிக்காய் நறுக்கினால், "காம்ப ஏன் இவ்ளோ தூரம் வெட்டுற?" என்பார். பாலில் ஆடை கட்டுவதற்குள் "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்பார். புளி கரைக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார், ஓவர்டேக் பண்ணப் போகிறவர் மாதிரி.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கரண்டியைக் காட்டி வெளியே போகச் சொன்னேன். போனவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் அதே கோலம். சாப்பிடக் கூப்பிட்டால், "வண்டி இல்லாத டிரைவருக்கு எதுக்கு சோறு?" என்றார். மனுஷன் இப்படியே படுத்த படுக்கையாகிவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் இருக்கும் மகள் பிடிவாதம் பிடித்து மொட்டை மாடியில் சோலார் பேனல் வைக்கச் சொன்னாள். மொத்தம் எட்டு பேனல். மாட்டிக் கொடுத்த கம்பெனிக்காரர், அன்றன்றைக்கு எத்தனை யூனிட் கரண்ட் உற்பத்தியாகிறது என்று பார்க்க இவர் போனில் ஒரு ஆப்பும் போட்டுக் கொடுத்தார். முதல் நாள் பதினாலு. பால்காரர் முதல் கீரை விற்கிறவர் வரை ஒருத்தரை விடாமல் நிறுத்தி இவர் அதைக் காட்டினார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே நடக்கும். அத்தனை கால் புழுதியும், வண்டிப் புழுதியும், கற்பூரப் புகையும் எங்கள் மாடியில்தான் வந்து இறங்கும். இரண்டு பௌர்ணமி போனதும் பதினாலு பதினொன்றாகிவிட்டது. இவர் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, "இன்னா சார், மட்டமான சரக்க எங்க தலையில கட்டிட்டீங்களா?" என்று எகிறினார்.

"மேல ஏறிப் பாத்தீங்களா சார்? தூசி படிஞ்சா வெயில் எப்படி உள்ள எறங்கும்? காலைல சூடேறதுக்கு முன்னாடி கழுவி உடுங்க, சரியாப் பூடும்" என்றார் அவர்.

ஏறிப் பார்த்தோம். விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு புழுதி. இவர் முகத்தில் மாசக்கணக்கில் நான் பார்க்காத ஒரு களை. "பஸ்ஸு முன்கண்ணாடியும் இப்படித்தான் ஆவும்" என்றார். மறுநாள் விடியும்போதே பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழியில் பனியன் துணியைச் சுற்றி, வாளியோடு ஏறினார். சாயங்காலம் ஆப்பில் மறுபடியும் பதினாலு.

அப்புறம் கேட்க வேண்டுமா. தினமும் அதே வேலை. "மத்தியானம் கழுவினா இன்னா?" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். "கொதிக்கிற ரேடியேட்டர்ல பச்சத் தண்ணி ஊத்துவாங்களா? கண்ணாடி விரிசல் உட்டுப்பூடும்" என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். எடுக்கட்டும். இரண்டு இட்லி ஐந்தாகிவிட்டது, சமையல்கட்டும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஐப்பசி பிறந்தது. கொட்டிய மழையில் பேனல் எட்டும் பளபளவென்று ஆகிவிட்டன. பார்த்துவிட்டுப் போக வந்த கம்பெனிக்காரர், "மழ முடியிற வரிக்கும் நீங்க கை வெக்கவே வேணாம் சார், அதுவே கழுவிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மறுநாள் இவர் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்கு மழை மேல் வந்ததே ஒரு கோபம். மழை விட்ட ஒரு விடியற்காலையில், கொல்லையில் காலியாகக் கிடக்கும் பழைய மாட்டுக் கொட்டகை மூலையில் நனையாமல் கிடந்த மண்ணை முறத்தில் அள்ளிக்கொண்டு மாடி ஏறினேன். முழங்கால் இரண்டும் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டின. ஆசையாக வாங்கி வைத்த பொருள் மேல் கை எட்டிய வரைக்கும் நானே மண்ணை வாரித் தூற்றினேன். கீழே வந்து, "ஏங்க, மேல ஒரே புழுதியா கெடக்குதே, பாத்தீங்களா?" என்றேன். காக்கிச் சட்டையைத் தேடி எழுந்தார்.

அன்றிலிருந்து மழை விட்ட நாளெல்லாம் எனக்கு இதே திருட்டுத்தனம். இவர் கழுவிவிட்டு இறங்கும்போது, "இந்த மழையிலயும் எங்கேர்ந்துதான் வருதோ" என்பார். "எல்லாம் கிரிவலம் வர்ற வண்டிங்கதான்" என்பேன், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

கார்த்திகை மாதம் ஒரு நாள் எனக்கு நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இவர் மாடிக்குப் போன வேகத்தில் இறங்கி வந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"பேனல் சுத்தமா இருந்திச்சு. அப்பவே நெனச்சேன், உனக்கு முடியலனு."

"எத்தினி நாளா தெரியும்?" என்றேன்.

"மொத நாளே தெரியும். ரோட்டுப் புழுதி எட்டு பேனல் மேலயும்தான் படியும். உன் கை எட்டுற நாலு மேல மட்டுமா வுழும்?"

"தெரிஞ்சுமா தெனமும் ஏறிக் கழுவினீங்க?"

போர்வையை என் கழுத்து வரை இழுத்துவிட்டார். "முட்டி வலியோட ஏறிப் போட்டுட்டு வர்ற. கழுவாம உட்டா நல்லாவா இருக்கும்?"