கூரை ஏற ஆள் தேடிய காலை

மகளை மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாட்களிலேயே புயல் வரப்போகிறது என்று வானொலியில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவள் மாதம் நிறையாமல் பிறந்தவள். எப்போதும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று தாதிமார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் கணவருக்குக் கட்டாரில் வேலை. அம்மா இறந்து பல வருடங்கள். நானாட்டானிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் பிள்ளையும் மட்டும்தான் இருந்தோம்.

எங்கள் பக்கத்தில் மழைக்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மழை பெய்யாவிட்டால்தான் பயம். ஆனால் அந்த மார்கழியில் மழையோடு குளிரும் வந்தது. அப்படி ஒரு குளிரை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. வடக்கிலிருந்து காற்று இடைவிடாமல் அடித்தது. வெயிலில் வளர்ந்த எங்களிடம் கம்பளி ஏது? அலுமாரியில் இருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளையைச் சுற்றினேன். கடைசியில் என் கலியாணச் சேலையும் வெளியே வந்தது.

விடிந்ததும் அப்பா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். எங்கள் மாடுகள் குளக்கட்டுப் பக்கம் பட்டியில் நின்றன.

"மாடுகள் குளிரில விறைச்சு விழுகுது எண்டு சொல்லுறாங்கள். ஒருக்காப் பாத்திட்டு வாறன், பிள்ளை. கதவைப் பூட்டிக்கொண்டு இரு."

"வேண்டாமப்பா, காத்து நிண்ட பிறகு போங்கோ."

"காத்து நிக்குமட்டும் அதுகள் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன சிறிது நேரத்தில் முற்றத்து வேம்பின் பெரிய கொப்பு முறிந்து கூரையில் விழுந்தது. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடி விழுந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் கட்டிலின் கால்மாட்டில் உடைந்த கூரைச் சீற்றுத் துண்டுகள் கிடக்கின்றன, மேலே வானம் தெரிகிறது, மழை நேராக அறைக்குள் கொட்டுகிறது. எங்கள் வீடு அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடு. பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி பின்பக்கத்தில் நாங்கள் சமைக்கும் குசினிக்குள் ஓடினேன். குசினிக்குத் தகரக் கூரை. அது மட்டும் தப்பியிருந்தது.

ஆனால் கொப்பு கீழே விழவில்லை. கூரையிலேயே படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் அது அசைய, சீற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் சத்தம் குசினிக்குள் கேட்டது. சரிந்தால் எங்கள் தலைக்கு மேல்தான் சரியும்.

வேறு எங்கே போவது? பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. சனங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். குளம் நிரம்பி வான் பாய்ந்து, இடையில் இருந்த பாதையை வெள்ளம் மூடிவிட்டது. பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்துபோகும் மருத்துவமாதுவுக்கு அழைத்தேன்.

"அந்த வெள்ளத்துக்குள்ளால பிள்ளையைக் கொண்டு வெளிக்கிடாதேங்கோ" என்றார் அவர். "தோலோட தோல் படுற மாதிரி நெஞ்சில வச்சிருங்கோ. அடிக்கடி காலைத் தொட்டுப் பாருங்கோ. கால் குளிர்ந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கோ."

கரண்ட் முதல் நாளே போய்விட்டது. போனில் மிச்சமிருந்த சார்ஜை வைத்துக்கொண்டு கூரை வேலைக்கு ஆள் தேடத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்குச் சீற் போட்ட மேசனுக்கு முதலில் எடுத்தேன். "தங்கச்சி, என்ர வீட்டுத் தகரமே பறந்து வயலுக்குள்ள கிடக்கு. நான் என்னெண்டு வாறது?" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் சிறுபிள்ளைகள் அழுதார்கள். அடுத்து, எந்த நேரமும் வருவோம் என்று மன்னார் ரவுனில் பலகை எழுதி வைத்திருந்த ஒருவருக்கு எடுத்தேன். தீவிலிருந்து இந்தப் பக்கம் வரும் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறதாம். நாளைக்கோ நாளண்டைக்கோ பார்ப்போம் என்றார். வங்காலையில் ஒருவர் போனை எடுக்கவே இல்லை. ஒருவரிலும் கோபப்பட முடியவில்லை. எல்லாருடைய தலைக்கு மேலும் அதே காற்றுத்தான்.

கடைசியாக, அப்பா ஆணியும் கம்பியும் வாங்கும் ஹாட்வெயார் கடைக்காரரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"உங்கட பக்கத்திலயே ஒரு ஆள் இருக்கிறார். முந்தித் திறமான கூரை வேலைக்காரன். விழுந்த பிறகு ஏறுறேல்ல. எதுக்கும் கேட்டுப் பாருங்கோ."

அந்த நம்பருக்கு எடுத்தேன். ஓர் ஆணின் குரல், மலைநாட்டுப் பேச்சு. மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எங்களுக்கு அடுத்த குடியிருப்பில் இருக்கின்றன. நடந்ததைச் சொன்னேன்.

"நா இப்ப ஏறுறதில்லைங்க. கால் போயிருச்சு" என்றார்.

 அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுதாள். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம்.

"கொழந்தைங்களா? பொறந்து எத்தன நாளு?"

சொன்னேன்.  அவர் போனை வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண் எதையோ கேட்பதும், இவர் "வேணாம், வேணாம்" என்பதும் மங்கலாகக் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணே பேசினாள்.

"அக்கா, வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க. நாங்க வர்றோம்."

லான்ட்மாஸ்டர் என்று நாங்கள் சொல்லும் சின்ன உழவு இயந்திரத்தில், பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்தார்கள். ஓட்டி வந்தது அவள். என் வயதுதான் இருக்கும். மெலிந்த ஆள். தலையில் உரப்பையை மடித்துப் போட்டிருந்தாள். பெட்டியில் ஏணிக்கும் பலகைக்கும் கயிறுகளுக்கும் நடுவே, ஊன்றுகோலைப் பிடித்தபடி கணவர் இருந்தார். இறங்கியதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"யார் ஏறப் போறது?" என்று கேட்டேன்.

"நாந்தான்" என்றாள் அவள்.

"முந்தி ஏறியிருக்கிறீங்களோ?"

"இவரு கூட ஏறியிருக்கேன். வெயில்ல."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றின் முடிச்சுகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு அவளைக் கிட்டக் கூப்பிட்டு, கயிற்றை அவள் இடுப்பில் தானே கட்டினார்.

கயிற்றின் மறுமுனையைக் கூரை முகட்டுக்கு மேலால் எறிந்து, வீட்டின் மறுபக்கம் நின்ற மாமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவள் ஏற ஏறக் கயிற்றை விட்டுக் கொடுக்கவும், சறுக்கினால் இறுக்கிப் பிடிக்கவும் அவர் அங்கே இருக்க வேண்டும். நான் ஒரு கதிரையைக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது, அங்கிருந்து பார்த்தால் அவள் தெரியமாட்டாள் என்று.

"அம்மா, நீங்க அந்த மூலையில நின்னு பாத்துச் சொல்லுங்க. அவ எங்க நிக்கிறா, என்ன செய்றான்னு சொல்லிக்கிட்டே இருங்க."

பிள்ளையைத் துணிகளால் நன்றாகச் சுற்றினேன். வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் பொதிந்து இரண்டு பக்கமும் வைத்து, அவளைக் குசினியில் ஒரு பெட்டிக்குள் படுக்க வைத்தேன். குசினி வாசலுக்குப் பக்கத்தில்தான் அந்த மூலை. பிள்ளையின் சத்தம் கேட்கும். மழையில் நின்றபடி, கூரையில் இருப்பவளையும் மரத்தடியில் இருப்பவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஏணியில இருந்து கூரைக்கு ஏறிட்டா. பலகையை வைக்கிறா."

"ஆணி வரிசையிலயே மிதிக்கச் சொல்லுங்க! ஆணி இருக்கிற எடத்துலதான் அடியில மரம் இருக்கும். நடுவுல கால வச்சா ஓட்ட போட்டுரும்!"

நான் கத்திச் சொன்னேன். காற்றில் அவளுக்குக் கேட்டதோ தெரியாது, தலையை ஆட்டினாள். படுத்த மாதிரி இருந்துகொண்டு கொப்பை அறுக்கத் தொடங்கினாள். சிறு கிளைகளை அறுத்துத் தள்ளினாள். பிறகு பெரிய துண்டு. ஒவ்வொன்றும் விழும்போது மறுபக்கத்திலிருந்து, "என்ன விழுந்துச்சு? என்ன விழுந்துச்சு?" என்று அவர் பதறினார். "கொப்புத்தான், ஐயா, கொப்புத்தான்" என்று நான் திரும்பத் திரும்பக் கத்தினேன்.

கொப்பு முழுவதும் கீழே வந்ததும், நாங்கள் நெல் காயவைக்கும் படங்கைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். அந்தத் தடித்த சீலையை விரித்து ஓட்டைகளை மூடுவதுதான் மிச்சம். அவள் ஒரு பக்கத்தைக் கட்டிவிட்டு மறுபக்கத்தை இழுத்தபோது, பெரிய காற்று ஒன்று படங்கின் அடியில் புகுந்து அதைத் தூக்கியது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த அவளையும் இழுத்தது. ஒரு எட்டுத் தவறி வைத்தாள். சீற் உடைந்தது. தொடைவரை கால் உள்ளே போய்விட்டது.

நான் கத்திய சத்தத்தில் அவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார். கயிறு விறைத்து நின்றது. ஊன்றுகோல் ஒரு பக்கம் கிடக்க, அவர் கதிரையிலிருந்து சரிந்து சேற்றில் இருந்தபடி, நல்ல காலை மரத்தில் உதைத்துக் கயிற்றைப் பிடித்திருந்தார். மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அக்கா! கீழ இருந்து கால தூக்கி விடுங்க!" என்று அவள் மேலிருந்து கத்தினாள்.

அறைக்குள் ஓடினேன். என் கட்டிலுக்கு நேர் மேலே அவள் கால் தொங்கியது. சீற் விளிம்பு வெட்டி இரத்தம் மழைத் தண்ணீரோடு வடிந்தது. கட்டிலில் ஏறி, அவள் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்தேன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. காலையிலிருந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இந்தப் பாதத்தைப் பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தோளைக் கொடுத்து முழுப் பலத்தோடும் மேலே தள்ளினேன். அவள் முனகியபடி காலை இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அப்பா முற்றத்தில் நின்றார். தோளில் ஒரு கன்றுக்குட்டி. கூரையையும் கயிற்றையும் பார்த்தார். கன்றை விறாந்தையில் கிடத்திவிட்டு ஏணியில் ஏறி, அடித்துக்கொண்டிருந்த படங்கின் மூலையைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அவர் பிடித்துக்கொள்ள அவள் கட்டினாள். மண் நிரப்பிய உரப்பைகளைக் கயிற்றில் கோத்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டார்கள். அறைக்குள் மழை நின்றது.

நான்கு பேரும் குசினிக்குள் அடுப்பைச் சுற்றி இருந்தோம். அப்பா கன்றைச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவளுடைய காயத்தைக் கழுவித் துணி கட்டினேன்.  கணவருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து விரலை விரிக்க முடியவில்லை. இஞ்சி போட்ட பிளேன்டீயை அவள்தான் அவர் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள்.

"மாடுகள், அப்பா?" என்று கேட்டேன்.

"இது மட்டும்தான், பிள்ளை. மற்றதெல்லாம் படுத்தமாதிரியே கிடக்குதுகள்." கன்றைத் தேய்ப்பதை அவர் நிறுத்தவில்லை.  மலைநாட்டுக்காரர் தன் காயப்பட்ட கையை நீட்டி அப்பாவின் முழங்காலில் வைத்தார்.

பிறகு அவளிடம் கேட்டேன்: "அவர் வேண்டாம் எண்டு சொன்னது போனில கேட்டது. பிறகேன் வந்தனீங்கள்?"

"வேணாம்னு வாயிலதான் சொன்னாரு, அக்கா. ஆனா போன வைக்கலையே. வைக்கலைன்னா அவருக்கு வரணும்னு இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அஞ்சு வருசமா கண்ண மூடுனா நா விழுந்ததுதாங்க வரும்" என்றார். "இனிமே இவ விழுந்ததும் வரும்." அவள் அவர் தோளில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். "நா விழலையே. நீங்கதான் புடிச்சிட்டீங்களே" என்றாள்.

பாதை திறந்ததும் மருத்துவமாது வந்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். நிறை குறையவில்லை. அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் குளிரில் எங்கள் பக்கத்தில் மாடு சாகாத பட்டி இல்லை. அப்பா நாள் முழுவதும் மற்றவர்களோடு குழி வெட்டிவிட்டு வருவார். குளித்துவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவார். நான் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பதோடு சரி.

வெயில் வந்த பிறகு புதிய சீற் போட அவர்கள் இரண்டு பேரும் ஒரு உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அன்று ஏறியது அந்த உறவுக்காரர்தான். அவளுக்குக் காலில் தையல் போட்டிருந்தது. விறாந்தையில் இருந்துகொண்டு என் மகளை மடியில் வைத்திருந்தாள். வேலை முடிந்து சாப்பிட்டபின், அப்பாவும் அவள் கணவரும் மாமர நிழலில் போய் இருந்தார்கள். அவள் கணவர் சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்த்த ஒரு பொல்லாத பசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது யாரை எங்கே முட்டியது என்று அவர் ஊன்றுகோலால் நடித்துக் காட்ட, அப்பா திடீரென்று சத்தமாகச் சிரித்தார். குசினிக்குள் பானை கழுவிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டு, அப்பா இன்னொரு தரம் சிரிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.