நீலக் கோழிக்கு வக்காலத்து

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் நான் ஃபேன்ஸி கோழி வளர்க்கிறேன். முட்டைக்கும் இல்லை, கறிக்கும் இல்லை, வெறும் அழகுக்கு. கால்விரல் வரை இறகு முளைத்து, பாவாடை கட்டிய குழந்தை போல் நடக்கிற குட்டை ஜாதி. அதிலும் நீல நிறம் என்றால் எனக்குப் பைத்தியம். நீலம் என்று பெயர்தானே தவிர, பார்க்க மழை மேகச் சாம்பல்தான். எந்த நிறத்தோடு எதைச் சேர்த்தால் என்ன குஞ்சு வரும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சோறு தண்ணி இல்லாமல் பேசுவேன். வீட்டுக்குள் மட்டும் வாயில்லாப் பூச்சி.

போன வருடம் மகள் பிறந்தாள். நானும் மனைவியும் மாநிறம். குழந்தை நல்ல கருப்பு. தி. நகரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த என் அக்கா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் யாரும் இந்தக் கலர் இல்லியேடா" என்றாள். பிறகு என் மனைவியிடம், "யார் ஜாடைம்மா இது?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அக்காவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பெயர் வைத்த அன்றும், காது குத்திய அன்றும் அதே கேள்வி வந்தது. ஒவ்வொரு தடவையும் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள். நான் செல்போனைப் பார்ப்பேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் நீல ஜோடி வாங்கிப் போயிருந்த சிந்தாதிரிப்பேட்டைக்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கையில் ஒரு கூடை, அதில் குஞ்சுகள். மனைவி கொடியில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் இது? நீலம்னு சொல்லிதானே குட்த்தே? குஞ்சப் பாரு, ஒண்ணு கருப்பா கீது, ஒண்ணு வெள்ளையா கீது. என் வூட்ல வேற சேவலே கெடையாது. உன் கோழிதான் எங்கியோ மேஞ்சிகினு வந்துகீது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோழியையா? கொடியிலிருந்த துணி கிளிப்புகளில் கருப்பும் வெள்ளையுமாகப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினேன்.

"அப்பன்கிட்ட ஒரு கருப்பு, ஒரு வெள்ளை. ஆத்தாகிட்டயும் அதே. ஆளுக்கு ஒண்ணுதான் குஞ்சுக்குக் குடுப்பாங்க. கருப்பும் வெள்ளையும் சேர்ந்தா நீலம். ரெண்டும் வெள்ளையா விழுந்தா, மை தெளிச்ச அழுக்கு வெள்ளை. ரெண்டும் கருப்பா விழுந்தா அட்டக் கருப்பு. நீலமும் நீலமும் சேர்ந்தா இந்த மூணும் வரத்தான் செய்யும். கோழி மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "அப்போ அல்லாம் ஒரே அப்பன் புள்ளைங்கதான்னு சொல்றே?"

"சத்தியமா! நிறத்த வெச்சி சந்தேகப்படறதே பாவம்" என்றேன், பக்கத்துக் கட்டடத்துக்கும் கேட்கிற குரலில். மனிதர் சமாதானமாகிச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

வழக்கில் ஜெயித்த வக்கீலாட்டம் திரும்பினேன். மனைவி கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"கோழிக்கு எவ்ளோ நல்லா பேசுறீங்க" என்றாள்.

மனிதத் தோலின் கணக்கு கோழியினுடையதைவிடச் சிக்கலானதுதான். ஆனால் பெற்றவர்களைவிடக் கருத்த பிள்ளை பிறப்பது எத்தனை சாதாரணம் என்பது எனக்குத் தெரியாததா? அதை ஆஸ்பத்திரியிலேயே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். கோழி வாங்க வந்த யாரோ ஒருவரிடம் கோழிக்காகத் தொண்டை கிழியப் பேசியவனுக்கு, கட்டியவளுக்காக ஒரு வார்த்தை வரவில்லை. வெட்கத்தில் என்ன செய்வதென்று புரியாமல் செல்போனை எடுத்தேன்.

"இப்பவே அக்காகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம்" என்றாள். "அவங்க கேட்டதக்கூட நான் பெருசா எடுத்துக்கல. பதில் தெரியாமதான் நீங்க சும்மா இருக்கீங்கன்னு இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேன்."