சிதம்பரத்துச் சிநேகிதி

பதினைந்து நாள் லீவில் வந்திருந்தேன். புனேயில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பதினோரு வருடமாக நர்ஸுகள் ஹாஸ்டலில்தான் குடியிருப்பு. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, ஊர் என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்தது கடலூர் முதுநகரில் தம்பி வீடு ஒன்றுதான். போக வர நான்கு நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் கழிந்தால் மிச்சம் பதினொன்று. அது முழுவதையும் தம்பி வீட்டில் இருப்பதாக நினைத்துத்தான் வந்தேன். 2011 பிப்ரவரி.

தம்பி செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஷிப்டு வேலை. வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை. ரூமில் அவன் மகள் ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்கக் கெமிஸ்ட்ரி சூத்திரங்கள் எழுதி ஒட்டியிருந்தன. நான் அவளோடு அந்த ரூமில் படுத்தேன். அவள் விளக்கை அணைக்காமல் படித்தாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அவள் சங்கடப்படக் கூடாதே என்று.

இரண்டாம் நாள் காலையில், கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டே தம்பி மனைவி கேட்டாள்.

"எத்தினி நாள் லீவு அண்ணி?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இதை இப்போதும் சொல்வேன். பண்ருட்டியிலிருந்து அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. திங்கட்கிழமை கண் ஆபரேஷன், அப்புறம் பத்து நாளாவது இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். யார் எங்கே படுப்பது என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். நான் பதினொரு நாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்குந்தான். பூசை பாத்துட்டுக் கெளம்பிடுவேன். சிதம்பரத்துல ஒரு ஃப்ரெண்டு இருக்கா. கூடப் படிச்சவ. ரொம்ப நாளா கூப்புட்றா."

சல்லடையைத் தட்டுவதை அவள் நிறுத்தினாள். முகம் ஒரு கணம் தளர்ந்தது. பல வருடம் நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பழகியவளுக்கு அது தப்பாது. உடனே சுதாரித்துக்கொண்டு, "ஏன் அண்ணி, இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போலாமே" என்றாள். அதுவும் பொய்யில்லை. இரண்டும் அவளிடம் சேர்ந்தே இருந்தன.

சிதம்பரத்தில் எனக்கு யாரையும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, தம்பி மாமியார் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டு நான் கிளம்பினேன். அன்று தம்பிக்குப் பகல் ஷிப்டு. அவன் வீட்டில் இல்லை. சிதம்பரத்தில் இறங்கிக் கீழ வீதிப் பக்கம் போனேன். முதல் லாட்ஜில் "ஒங்க கூட யாரு?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றதும் ரூம் இல்லை என்றார்கள். சாவிகள் வரிசையாகப் பலகையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

இரண்டாவது லாட்ஜில் மேனேஜருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, காதோரம் ஒரு பேனா.

"தனியா லேடீஸுக்குக் குடுக்கறதில்லமா. ஓனர் ஆர்டர்."

ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நர்ஸம்மாவா? புனேலேருந்து இங்க என்னா ஜோலி?"

"லீவு."

"யாரப் பாக்க வந்திருக்கீங்க?"

"யாரையும் இல்ல."

கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தார். சாமி பார்க்க வந்தீர்களா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டார் என்று தோன்றியது. ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் ஓய்வு என்று எழுதினேன்.

"எத்தினி நாளு?"

"ஒரு நாள்."

ஒரு நாள் என்றால் கொடுப்பார் என்று தோன்றியது. கொடுத்தார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "இன்னிக்கும் இருக்கீங்களாம்மா?" என்றார். "இன்னிக்கும்" என்றேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தட்டும்போது மனைவியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டுவந்தார். சர்க்கரை ஜாஸ்தியா என்று கேட்டார். ஜாஸ்திதான், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அன்றைக்கு என்னோடு முழுசாகப் பேசிய ஒரே ஆள் அவர்.

டியூட்டிப் பழக்கத்தில் நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்து செய்வதற்கு ஒன்றும் இருக்காது. குளித்துவிட்டு ஐந்தரைக்குக் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதியையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். பிறகு இட்லியும் கொத்சுவும். பிறகு கோயிலுக்குள் போய் வெளிப் பிரகாரத்தில் ஒரு தூணருகே உட்காருவேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. குடும்பம் குடும்பமாக வந்தார்கள், செருப்பு எங்கே விட்டோம் என்று சண்டை போட்டார்கள், போனார்கள். ஆஸ்பத்திரியில் புது நோயாளி வந்தால் முதலில் நிரப்பும் படிவத்தில், அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு வரி இருக்கும். என் சொந்தப் படிவத்தில் அந்த வரியில் தம்பி நம்பர்தான். அந்தத் தம்பிக்கே நான் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாது என்பது திடீரென்று உறைத்தது. எழுந்து குளத்துப் பக்கம் போனேன்.

அவன் சாயங்காலங்களில் போன் செய்தான். ஒவ்வொரு முறையும் சிநேகிதி கொஞ்சம் வளர்ந்தாள். முதல் நாள் அவள் டீச்சர். அடுத்த நாள் அவள் வீட்டுக்காரருக்கு மின்வாரியத்தில் வேலை.

செவ்வாய்க்கிழமை பிச்சாவரம் போனேன். படகுக்காரர், "எத்தன பேரு?" என்றார். ஒருத்தி என்றேன். "வேற யார்னா வந்தா சேத்து ஏத்தறேன், குந்துங்க" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். வந்தது புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. படகுக்காரர் என்னைக் காட்டி அவர்களிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் புருஷன் முகத்தைப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டேன். அன்று சாயங்காலம் தம்பியிடம், "எல்லாரும் போட்ல போனோம்டா. அவ பசங்க ரெண்டும் ஒரே கூச்சல்" என்றேன்.

"பசங்க என்னா படிக்குதுங்க?"

"பெரியவ மூணாவது. சின்னவ ஒண்ணாவது."

போனை வைத்த பிறகு எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் ரிசர்வேஷன் வரிசையில் நின்றேன். சென்னையிலிருந்து புனேக்கு டிக்கெட் திங்கட்கிழமைக்கு இருந்தது. அதை முன்னால் மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணம். படிவத்தில் எல்லாம் எழுதிவிட்டேன், தேதி மட்டும் எழுத வரவில்லை. சீக்கிரம் போனால் ஹாஸ்டலில் என்ன சொல்வது? ஒரு மாதமாக அவர்களிடம் தம்பி வீடு, தம்பி வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், "எந்தத் தேதிக்குமா?" என்று இரண்டு முறை கேட்டார். பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லி வரிசையை விட்டு விலகினேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். போன் வந்தது.

"அக்கா, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். ஒன் ஃப்ரெண்டு வூடு எங்க? வழி சொல்லு."

என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அங்கேயே இரு, வருகிறேன் என்றிருப்பேன். அவன் டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தான். கையில் வீட்டு வயர்கூடை. நான் வருவதைப் பார்த்ததும் என் பின்னால் பார்த்தான், கூட யாராவது வருகிறார்களா என்று.

"முறுக்கு சுட்டுக் குடுத்தா ஒந்தம்பி பொண்டாட்டி. இவ்ளோ நாள் வச்சிப் பாத்துக்கறாங்க, வெறுங்கையா இருந்தா நல்லாருக்காதுன்னு" என்றான். கூடைக்குள் கைவிட்டு இரண்டு பென்சில் பெட்டிகளை எடுத்துக் காட்டினான். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். "பசங்களுக்கு. இந்தக் கலர்லாம் புடிக்குமான்னு தெரில."

"ஃப்ரெண்டுன்னு யாரும் இல்லடா."

அவன் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"அப்ப எங்க தங்கியிருக்க?"

"லாட்ஜுல."

பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. அவன் பென்சில் பெட்டிகளை மறுபடி கூடைக்குள் வைத்தான்.

"நம்ம வூட்ல எடமில்லன்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அவகிட்ட ஒண்ணும் கேக்காத. அவுங்க அம்மா கண்ணு கட்டோட படுத்திருக்காங்க, பொண்ணு படிக்குது. நான் வேற எங்கடா படுக்கறது?"

"ஆமா" என்றான்.

அந்த ஆமாவை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பான், கூடையைத் தூக்கிக்கொண்டு வா போகலாம் என்பான் என்று எனக்குள் ஒருத்தி காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் உள்ளதைச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று திரும்பிக்கொண்டேன்.

டீ குடித்து முடித்ததும், "ரூமக் காட்டு" என்றான்.

மேனேஜர், "நர்ஸம்மா தம்பியா, வாங்க வாங்க" என்று எழுந்து நின்றார். எனக்கு ஒரு தம்பி இருப்பதில் என்னைவிட அவருக்கு நிம்மதி. தம்பி ரூமுக்குள் வந்து கட்டிலில் உட்காரவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்தான். ஜன்னல் கொக்கியை அசைத்துப் பார்த்தான். பாத்ரூம் விளக்கைப் போட்டு அணைத்தான். கட்டில் தலைமாட்டில் சுவிட்சுப் பெட்டி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"இதுலயா செல்போன் சார்ஜ் போட்ற? ஷாக் அடிச்சா?"

கீழே போய் மேனேஜரிடம் ஸ்க்ரூ டிரைவரும் டேப்பும் வாங்கி வந்தான். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கழற்றி ஒயர்களைத் திரும்பக் கட்டி முடுக்கினான். அரைமணி நேரம் ஆனது. நான் அவன் கழற்றிய திருகுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவனுக்கு முன்தலை வழுக்கை விழ ஆரம்பித்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கை கழுவிக்கொண்டே கேட்டான். "இன்னும் எத்தினி நாள் இருப்ப?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கலாம். மூணு நாள். டிக்கெட்ட மாத்திக்கிட்டு முன்னாடியே போலாமான்னும் பாக்கறேன்."

"எதுக்கு மாத்தற? இரு. ரெஸ்ட் எடு. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்துட்டு, அங்கேருந்து மெட்ராஸ் பஸ் ஏறு." கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மணி ஷிப்டு. கெளம்பறேன்" என்றான்.

முறுக்கையும் பென்சில் பெட்டிகளையும் மேசையில் வைத்துவிட்டுக் காலிக் கூடையை எடுத்துக்கொண்டான். கூடை காலியாகத் திரும்ப வேண்டுமே. அதை நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான்.

அவன் போன பிறகு கீழே வந்து மேனேஜரிடம், "ஞாயித்துக்கெழம காலைல காலி பண்றேன்" என்றேன். "அப்பிடிச் சொல்லுங்கம்மா" என்று ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து கதவைத் தட்டவில்லை. அந்த மூன்று நாளில் தனிமை குறைந்ததா என்றால் இல்லை. அதே நான்கு வீதி, அதே தூண். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் படுத்தவள் சாயங்காலம் ஆறுக்குத்தான் எழுந்தேன். அப்படி ஒரு தூக்கம் வருடக்கணக்கில் தூங்கியதில்லை. மேனேஜர் மனைவிக்கு என்னென்ன சாப்பிடலாம், சாப்பிடக் கூடாது என்று ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். முறுக்கில் பாதியை அவருக்கே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடலூரில் சாப்பாடு. மீன் குழம்பு. தம்பி மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் சாய்ந்திருந்தார். தம்பி மனைவி எனக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றியபடி கேட்டாள்.

"முறுக்கு ஒங்க ஃப்ரெண்டுக்குப் புடிச்சிதா அண்ணி?"

"ரொம்பப் புடிச்சிது. ரெசிபி கேட்டா."

தம்பி முள் எடுப்பதிலேயே கவனமாக இருந்தான். பிறகு நிமிராமல், "பசங்க பென்சில் பாக்ஸ விடவே இல்ல" என்றான்.

மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட மகள் வந்தாள். ஆட்டோவில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை, அடுத்த வருசம் நான் ஹாஸ்டல் போய்டுவேன். ரூம் காலியாத்தான் கெடக்கும். நீங்க லீவு முழுக்க இருக்கலாம்" என்றாள். அவளுக்கு ஏதாவது தெரியுமா, தானாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அவள் ஹாஸ்டல் போகவில்லை. கடலூரிலேயே கல்லூரி கிடைத்துவிட்டது. 2012இல் லீவுக்கு வந்தபோது மூன்று நாள் அவள் ரூமில் படுத்தேன். நான்காம் நாள் காலை பையைக் கட்டினேன். தம்பி லீவு போட்டுவிட்டு முதுநகரிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தான். சிதம்பரம் பஸ் நுழையும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கு ஓரத்தில் ஒரு சீட் பிடித்துக் கொடுத்தான்.