வெள்ளைத்துரை வீட்டுக் காலண்டர்

சிவகாசிக்குப் பட்டாசு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை விருதுநகர் ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு மூன்று நாள் சுற்றிக் காட்டி, மறுபடி ரயிலேற்றி விடுவது என் பிழைப்பு. பெயர் முனியராஜ். சொந்தமாக ஒரு வெள்ளைக் கார். கம்பெனி வேலை முடிந்ததும் வந்தவர்கள், "பார்க்கிறதுக்கு இங்கே என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். கோயில், அணை என்று கூட்டிப் போகிற ஆள் நான் இல்லை. எங்கள் ஊரின் கிறுக்குகளை, எங்கள் பேச்சில் கோட்டித்தனங்களை, ஒவ்வொன்றாகக் காட்டுவேன்.

விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்துத் தருவார்கள். அதை முதல் வாய் வைக்கும்போது வெளியூர்க்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்கவே கூட்டிப் போகலாம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சாயங்காலம் வேலை விட்டு வேனில் திரும்புகிற பெண்களின் கை முழங்கை வரை வெள்ளியாக மின்னும், வெடிமருந்துத் தூள். அவர்கள் பிடித்த கம்பியை நாம் பிடித்தால் நம் கையும் வெள்ளிதான். அச்சாபீஸ் சந்துகளில் வடை மடித்துத் தருகிற தாளில், கலர் விலகி அச்சான முருகன் இரண்டு மூக்கோடு சிரித்துக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் வெடி செய்து கொடுத்துவிட்டுத் தீபாவளியன்று பாதி ஊர் குப்புறப் படுத்துத் தூங்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளைத்துரை வீட்டுக்குக் கூட்டிப் போவேன். அவன் என்னோடு படித்தவன். முப்பத்தோரு வருடமாக ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை பார்க்கிறவன். திதி, நட்சத்திரம், ராகு காலம், முகூர்த்த நாள் எல்லாம் அவன் கண்ணைத் தாண்டித்தான் தாளில் ஏறும். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்றைக்கே பூஜை போட்டு அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைத் திறந்துவிடுவார்கள். திறந்த அன்று சாயங்காலமே வெள்ளைத்துரை வீட்டில் நடப்பு வருடத்துக் காலண்டர் ஆணியை விட்டு இறங்கிவிடும், அடுத்த வருடத்துக் காலண்டர் ஏறிவிடும்.

"இந்த வருசத்தை நான் போன வருசமே படிச்சு முடிச்சிட்டேங்க. அதையே எதுக்குத் திரும்பப் பார்த்துக்கிட்டு?" என்பான் வந்தவர்களிடம், சிரிக்காமல்.

உள்ளேயிருந்து அவன் மனைவி பொன்னுத்தங்கத்தின் குரல் வரும். "கேட்டுக்கோங்க! இவுககிட்ட இன்னைக்கு என்ன கெழமைன்னு கேட்டா அடுத்த வருசத்துக் கெழமையச் சொல்லுவாக. நான் பால்காரங்கிட்டத்தான் கேட்டுக்கிறது."

வந்தவர்கள் காலண்டரைப் போட்டோ எடுப்பார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிக்கிறவன் நான்தான். 'அட்வான்ஸ் துரை' என்று அவனுக்குப் பட்டம் வைத்தவனும் நான்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர்களுக்கு ஒரே மகள், சுகிர்தா. சென்னையில் வேலை பார்த்தபோது கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. வெள்ளைத்துரை அடிக்கவில்லை, கத்தவில்லை. பேச்சை நிறுத்தினான். ஆறு வருடம் அவன் வாயிலிருந்து மகள் பெயர் வரவில்லை. பிழை என்று ஒன்றைச் சுழித்துவிட்டால் மறுபடி அந்தப் பக்கம் கண்ணை ஓட்டாத பழக்கம் அவனுக்கு, அச்சகத்திலும் வீட்டிலும்.

தாய் மனசு கேட்குமா? வெள்ளிக்கிழமை தோறும் அவன் வேலைக்குப் போனபின் நான் பின்வாசலில் காரை நிறுத்துவேன். என் போனைப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்துவிட்டு, டயரில் காற்று பார்க்கிற மாதிரி வெளியே குனிந்து நிற்பேன். தாயும் மகளும் பேசிச் சிரிப்பது கேட்கும். அத்தனை வருடமும் இது வெள்ளைத்துரைக்குத் தெரியாது.

போன வருடம் கார்த்திகையில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த பொன்னுத்தங்கம் எழுந்திருக்கவில்லை. சுகிர்தா புருசனோடு மஸ்கட்டில் இருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வெள்ளைத்துரை தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு மணி நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு அவள் போய்விட்டாள். ரயிலேற்றி விட்டவன் நான்.

அதற்கடுத்த ஆவணியில் ஒரு நாள், டீ குடிக்க வெள்ளைத்துரை வீட்டில் நுழைந்தேன். அவன் பின்னால் குளித்துக்கொண்டிருந்தான். என் போன் அடித்தது. சுகிர்தா.

"மாமா, அம்மாவுக்குத் தலைத்திவசம் என்னைக்கு வருது? இப்பவே லீவு சொல்லணும், டிக்கெட் போடணும்."

"இரும்மா, அப்பா குளிக்கான். வரவும் கேட்டுச் சொல்லுதேன்."

"ஐயோ, அவுககிட்டச் சொல்லாதீக மாமா! வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாகன்னா அப்புறம் நான் எப்படி வர? சொல்லாம வந்து நின்னுருதேன். அம்மா படத்துக்கு முன்னால வச்சு என்னைய வெளிய போன்னு சொல்ல மாட்டாக."

"அதுஞ்சரிதான். திதி எங்கன பாக்கணும்? போன்லயே இருக்குமே?"

"அது ஒண்ணொண்ணுல ஒண்ணொண்ணு போட்டிருக்கு மாமா. வீட்டுக் காலண்டரப் பார்த்துச் சொல்லுங்க. அப்பா கண்ணு பட்டதுல்ல, தப்பா இருக்காது."

அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனால் ஆறு வருடத்தில் அப்பாவின் கோட்டித்தனம் அவளுக்கு மறந்திருக்கும், அல்லது எனக்கு நினைவிருக்கும் என்று நம்பியிருப்பாள். எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் புரட்டினேன். கார்த்திகை, வளர்பிறை பஞ்சமி, பொன்னுத்தங்கம் போன திதி. குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அவசர அவசரமாக, "கார்த்திகை இருபத்தெட்டும்மா" என்று சொல்லி போனை வைத்தேன்.

தாளின் தலையில் வருடம் கட்டைவிரல் பருமனுக்கு அச்சாகியிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. எத்தனை பேரை அதே சுவருக்கு முன்னால் நிறுத்தி, "பாத்தீகளா, அடுத்த வருசத்துக் காலண்டரு!" என்று விரல் நீட்டியிருப்பேன்! கேலிக்கு மட்டும் ஞாபகம் இருந்தது, காரியத்துக்கு இல்லை. மடையன்.

ஐப்பசியில் வெள்ளைத்துரை ஒரு வேலையில் இறங்கினான். மனைவியின் முதல் வருட நினைவாக, அவள் படம் போட்ட தினசரிக் காலண்டர் இருநூறு அடித்துச் சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பது. புரூப் தாளை என்னிடம் காட்டினான். பொன்னுத்தங்கம் பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் 'என்றும் நினைவில் வாடும் கணவர் வெள்ளைத்துரை, மகள் சுகிர்தா' என்று இருந்தது. நான் இரண்டு தரம் படித்தேன். ஆறு வருடத்துக்கு அப்புறம் அவன் கையாலேயே அந்தப் பெயர்.

"என்னலே அப்படிப் பாக்க? தாய்க்கு மக இல்லைன்னு அச்சடிக்க முடியுமா?" என்றான். "அவளும் இந்த வீட்டுப் பிள்ள. திதி பார்க்கத் தெரியாதா? வருவாலே. வந்தா வான்னு கூப்பிடப் போறேன், அம்புட்டுத்தான்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவளும் வருகிறாள், இவனும் காத்திருக்கிறான். நடுவில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன்.

கார்த்திகை ஏழாம் தேதி வெள்ளைத்துரை போன் செய்தான். "நாளான்னைக்குப் பஞ்சமி. காலைல வெள்ளன வந்துரு. இலை வாங்கணும்."

"ஏலே, இருபத்தெட்டுல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"அது அடுத்த வருசத்துக்குலே" என்று சிரித்தான்.

காரை ஓரமாக நிறுத்தினேன்.  சுகிர்தாவைக் கூப்பிட எண்ணை எடுத்தேன். எடுத்து என்ன சொல்வது? இன்னும் இரண்டு நாள்தான். பத்தொன்பது நாள் தள்ளிச் சொல்லிவிட்டேன் என்றா? டிக்கெட்டை மாற்ற முடியாது, லீவை மாற்ற முடியாது என்று நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளைத்துரையிடம் சொல்லலாம் என்றால், "அவ ஒனக்கு எதுக்குலே போன் பண்ணா?" என்று ஆரம்பித்து அத்தனை வருடத்து வெள்ளிக்கிழமைகளும் வெளியே வரும். செத்துப்போனவளைத் திருடி ஆக்குகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். இதெல்லாம் இப்போது சொல்கிற சமாதானம். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

திவசத்தன்று படையல் போட்டாயிற்று. காக்கைக்கு வைத்தாயிற்று. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். ஒரு இலையை மட்டும் வெள்ளைத்துரை விரிக்காமல் சுருட்டி வைத்திருந்தான். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் வந்தான். மூன்று மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, ஒனக்கு அவகிட்ட இருந்து போன் கீன் வந்துச்சா?"

அவன் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் அவன் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இல்லையே" என்றேன்.

 அப்புறம் எழுந்து சட்டையை மாட்டினான். "வண்டிய எடு. ஆபீசுக்குப் போகணும்."

என் காரில்தான் போனோம். அச்சகத்தில் விக்னேஷ்வரன் என்கிற தம்பி மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெள்ளைத்துரை சிவப்புப் பேனாவை எடுத்து, புரூப்பில் மகள் பெயரைச் சுழித்து, ஓரத்தில் நீக்கு என்று குறி போட்டான்.

"அண்ணாச்சி, பிளேட்டு போட்டாச்சே" என்றான் விக்னேஷ்வரன்.

"வேற போடு."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். மிஷின் ஓட ஆரம்பித்தது. மறு வாரமே இருநூறு காலண்டரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு, விருதுநகர், காரியாபட்டி, ஏழாயிரம்பண்ணை என்று சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கொடுத்து வந்தோம். மகள் பெயர் எங்கே என்று சிலர் கேட்டார்கள். வெள்ளைத்துரை அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

கார்த்திகை இருபத்தெட்டு காலை சுகிர்தா விருதுநகரில் இறங்கினாள். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. அவள் அம்மாவுக்கு அது பிடிக்கும். முன் சீட்டில் உட்கார்ந்து, "அப்பா என்ன செய்யுதாக மாமா? இலை போட்டிருப்பாகளா?" என்றாள். திருத்தங்கல் வரும் வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினேன். அப்புறம் வண்டியை நிறுத்திவிட்டு, தேதி தப்பாகிவிட்டது, காலண்டரை மாற்றிப் பார்த்துவிட்டேன், திவசம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். "சரி, போங்க மாமா" என்றாள். 

வெள்ளைத்துரை கதவைத் திறந்து, அவளைப் பார்த்து அப்படியே நின்றான்.

"முடிஞ்சு பத்தொம்பது நாளாச்சு" என்றான்.

"நான் இன்னைக்குன்னு நெனச்சு வந்தேன்ப்பா. மாமாதான் காலண்டரப் பார்த்துச் சொன்னாக."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தான். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போய் அந்த மாதக் காலண்டரை ஆணியோடு சேர்த்துப் பிடுங்கினான். "எம் புத்தி! எங் கோட்டிப் புத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டான். சுகிர்தா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடம் கழித்து அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதோடு முடிந்திருந்தால் நானும் அழுதுவிட்டு டீ போடப் போயிருப்பேன்.

சுவரில் அம்மா படம் போட்ட புதுக் காலண்டரைச் சுகிர்தா பார்த்துவிட்டாள். கிட்டே போய் அடியில் அப்பா பெயர் மட்டும் இருந்ததைப் படித்தாள்.

"இத எப்பப்பா அடிச்சீக?"

"திவசத்தன்னைக்குச் சாயங்காலம்" என்றான் வெள்ளைத்துரை, தலையைக் குனிந்தபடி. "நீ வரலைன்னு..."

அவள் என்னிடம் திரும்பினாள். "தேதி தப்புன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு தடவை வாய் வரவில்லை. "திவசத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தி" என்றேன்.

"ஒரு போன் போட்டிருக்கலாமே மாமா" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. "நான் அங்கன இருந்துக்கிட்டே அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருப்பேனே."

அவள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். இப்போது தினமும் அப்பாவுக்குப் போன் வருகிறது. என்னைக் கூப்பிடுவதில்லை. நானாகக் கூப்பிட்டால், "நல்லாயிருக்கீகளா மாமா? வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாள்.

தையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளைத்துரை என் காரில் ஏறுகிறான். காலண்டர் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், ஆணியிலிருந்து கழற்றி, மடியில் வைத்துக் கறுப்புப் பேனாவால் 'மகள் சுகிர்தா' என்று எழுதுகிறான். அச்செழுத்து மாதிரி நிறுத்தி எழுதினாலும் பேனா எழுத்து தனியாகத்தான் தெரிகிறது. என்னிடம் அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். காலண்டரைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. பேனாவை என் கையில் வைத்தான்.

"ஒன் வீட்டுல நீ எழுதுலே" என்றான்.

எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. தினமும் காலையில் தாள் கிழிக்கும்போது அது கண்ணில் படுகிறது. வருகிற கார்த்திகை இருபத்தெட்டாம் தேதித் தாள் இன்னும் அடியில் கிடக்கிறது. புரட்டிப் பார்த்தேன், வளர்பிறை பஞ்சமி என்று சரியாகப் போட்டிருக்கிறது. அன்றைக்கு இரண்டாவது திவசத்துக்குச் சுகிர்தா வருகிறாளாம். தேதியை வெள்ளைத்துரையே சொல்லிவிட்டான். விருதுநகரிலிருந்து வருவதற்கு வேறு கார் சொல்லியிருக்கிறாள்.